செம்பனை ஓடும் மஞ்சள் கயிறும்

நான் நகை செய்கிறவள். இதைச் சொன்னதும் எல்லாரும் பவுன் விலை கேட்கிறார்கள். எனக்குப் பவுன் விலை தெரியாது. என் பட்டறையில் பொட்டுத் தங்கம் கிடையாது. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கொட்டையின் ஓடு, செம்புக் கம்பி, குலை அறுக்கும் பழைய கத்தியின் இரும்பு, மோட்டார் சைக்கிள் செயின், கிழிந்த மீன்வலை. இவற்றை வைத்துக் கழுத்துக்கும் காதுக்கும் ஏதாவது செய்கிறேன். காலையில் மலாக்காப் பக்கம் மெர்லிமாவில் ஒரு சீனத் தவுக்கேயின், என் முதலாளியின், வெல்டிங் கடையில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிறேன். சோறு அதில்தான் வருகிறது. மத்தியானத்துக்கு மேல் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் இந்த வேலை.

இதை நான் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. சில வருடங்களுக்கு முன்னால் மலாக்கா டவுனில் ஒரு பழைய கடைவீட்டுக்கு ஜன்னல் கிரில் மாட்டப் போனேன். மேல்மாடியில் கண்ணாடிப் பெட்டிகள் வைத்திருந்தார்கள். நகைக் கண்காட்சி என்றார்கள். ஏணியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். பினாங்கில் ஒரு பெண் தன் வீட்டைக் கூட்டி அள்ளிய தூசியைப் பசையில் பிசைந்து, அழுத்தி, சட்டையில் குத்திக்கொள்ளும் வில்லையாகச் செய்திருந்தாள். இன்னொருவர் ஒரு மோதிரத்தில் இரண்டு துளை போட்டிருந்தார். இரண்டு பேர் சேர்ந்துதான் அதைப் போட முடியும். போட்டால் இரண்டு பேருக்கும் ஒரு கை வேலைக்கு ஆகாது. ஒரு ஆள் மெல்லிய கண்ணாடியில் வளையல் செய்திருந்தான். கையைத் தொங்கவிட்டால் உடைந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு காகிதம். இந்த நகைக்குப் பின்னால் இருக்கும் எண்ணம் இது என்று அதில் எழுதியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. கையைத் தூக்கிக்கொண்டே திரிய முடிகிறவனுக்கு வளையல் ஒரு கேடா என்று நினைத்தேன். கண்காட்சியை நடத்துகிற பெண் மாடிக்கு வந்தாள். கோலாலம்பூர்க்காரி, தமிழ்ப் பெண், என்னைவிடச் சின்னவள். "எப்படி இருக்கு அக்கா?" என்று கேட்டாள். "தூசிக்கு வெல இருந்தா எங்கம்மா இன்னேரம் டத்தின் பட்டம் வாங்கியிருப்பாங்க" என்றேன். அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

அடுத்த வாரம் கிரில்லில் ஒரு ஸ்க்ரூ லூசு என்று பொய் சொல்லிக்கொண்டு மறுபடியும் போனேன். அந்த வளையலைப் பார்க்கத்தான். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. தங்கம் இல்லாவிட்டால் அது நகை இல்லையா? நகை போடுகிறவளுக்கா, பார்க்கிறவனுக்கா? அதன் கனத்தை யார் சுமக்கிறார்கள்? இப்படிக் கேள்விகள். பாதி புரிந்தது. மீதி இன்றைக்கும் புரியவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து செயினை அறுத்து ஒரு தோடு செய்தேன். அதிலிருந்து நிறுத்தவில்லை. அவளும் சின்னச் சின்னக் கண்காட்சிகளில் என் சாமான்களை ஒரு ஓரத்தில் வைத்தாள்.

இந்த வருடம் பெரிய கண்காட்சி. மலாக்காவில் முடிந்ததும் தேர்ந்தெடுத்த நகைகள் வெளிநாட்டுக்குப் போகும். கோலாலம்பூர்க்காரி போனில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "ஒண்ணு போதும் அக்கா. ஆனா அது நீங்களா இருக்கணும்." நான் எப்படி ஒரு நகையாக இருப்பேன் என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள். எனக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. நான் செய்த எதுவும் இதுவரை ஜொகூரைத் தாண்டியதில்லை. இது போகவேண்டும் என்று எனக்கு வெறியாக இருந்தது.

செம்பனைக் கொட்டை ஓட்டை ஆலையில் கொதிகலனில் போட்டு எரிக்கிறார்கள். மழைக்காலத்தில் தோட்டத்துச் சேற்றுப் பாதையில் கொட்டுகிறார்கள். உப்புத்தாளில் பொறுமையாகத் தேய்த்தால் அது கறுப்புக் கண்ணாடி மாதிரி மினுங்கும். நல்ல ஓடுகளாகப் பொறுக்கி, விளிம்புக்குச் செம்புக் கம்பி கட்டி, பெரியது நடுவிலும் சின்னது இரண்டு பக்கமுமாகக் கோத்தேன். கயிறுதான் தகராறு பண்ணியது. கறுப்புக் கயிறு போட்டேன், தாயத்து மாதிரி இருந்தது. வெள்ளைக் கயிறு ஆபீஸ் அடையாள அட்டை மாதிரி இருந்தது. சிவப்பு கோயில் காப்புக் கயிறு. எல்லாவற்றையும் அறுத்துப் போட்டேன். அன்றைக்கு அம்மா மீனுக்குத் தடவ மஞ்சள் கரைத்து வைத்திருந்தாள். வெள்ளை நூல் கயிறு ஒன்றை அதில் முக்கினேன். காய்ந்ததும் கோத்துப் பார்த்தேன். கறுப்பு ஓடும் மஞ்சளும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டன. சரி, இதுதான் என்று விட்டேன். அதில் எந்த எண்ணமும் இல்லை. நிறம் சரியாக இருந்தது, அவ்வளவுதான்.

பின்பக்கம் ஒரு முடிச்சுப் போட்டேன். மெழுகு தடவிய கயிறு, நழுவியது. இன்னொன்று போட்டேன், அதுவும் அசைந்தது. மூன்றாவது போட்டதும் நின்றுவிட்டது.

நான் செய்கிற எதையும் சில நாள் போட்டுப் பார்க்காமல் யாருக்கும் கொடுக்க மாட்டேன். பிடரியை அறுக்கிறதா, முடியைப் பிடித்து இழுக்கிறதா, குனிந்தால் திரும்பிக்கொள்கிறதா என்று மேசையில் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் இதையும் போட்டுக்கொண்டேன். மோட்டாரில் போகும்போது ஓடுகள் காற்றில் ஆடி நெஞ்செலும்பில் இடித்தன. எடுத்து டீசட்டைக்குள் விட்டுக்கொண்டேன். வெளியே கயிறு மட்டும் தெரிந்தது.

அப்படியே மெர்லிமாவ் பசாருக்கு மீன் வாங்கப் போனேன். பழைய தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசையில் பக்கத்து வீட்டில் இருந்த அத்தை அங்கே நின்றார். சொந்த அத்தை இல்லை. ஆனால் சொந்த அத்தையைவிட அதிகம் கேள்வி கேட்பார்.

"அடியே, கழுத்துல என்னாது?"

"கயிறு."

"கயிறுன்னு கண்ணுக்குத் தெரியுதுலா. மஞ்சக் கயிறு."

"ஆமா. மஞ்சள்ல முக்குனா மஞ்சளாத்தான் இருக்கும்."

அத்தை என் பிடரியைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். விரலால் முடிச்சை எண்ணினார். நான் தலையை உதறிக்கொண்டேன். "கெம்போங் மீன் வாங்க வந்தீங்களா, கழுத்த வாங்க வந்தீங்களா?" என்று சத்தம் போட்டுவிட்டு மோட்டாரைக் கிளப்பினேன். எனக்கு எப்பவும் வருகிற கோபம்தான். அத்தை அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அப்பா எதற்கும் டிவியைக் குறைக்காதவர்.

"யாரு?" என்றாள் அம்மா.

"யாரு யாரு?"

"சீனனா, மலாய்க்காரனா, நம்ம ஆளா? எதுவா இருந்தாலும் சொல்லிப்புடு. எனக்கு மயக்கமெல்லாம் வராது."

"மலாய்க்காரனா இருந்தா தாலி ஏது? அது நம்ம ஆளுதான்" என்றார் அப்பா. "என்னா மாப்பிள்ளடா அவன். மாமனாருக்கு ஒரு பீரு கூட வாங்கிக் குடுக்கல."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. டீசட்டைக்குள்ளிருந்து ஓடுகளை இழுத்து வெளியே போட்டுக் காட்டினேன். கண்காட்சிக்குச் செய்தது என்றேன். அம்மா கிட்டே வந்து பார்த்தாள். ஓட்டைத் தொடவில்லை. கயிற்றைத்தான் தொட்டாள்.

"மஞ்சள்ல நனைச்சிருக்கே."

"நெறத்துக்கு."

"மூணு முடிச்சு."

"நழுவுச்சும்மா!"

"கறுப்பு கட்டுனப்ப தாயத்துன்னு அறுத்தே. செவப்பு கட்டுனப்ப காப்புன்னு அறுத்தே. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். இது என்னா மாதிரி இருக்குன்னு மட்டும் ஒனக்குத் தெரியலையா?"

எத்தனை கல்யாணம் பார்த்திருக்கிறேன். எத்தனை தடவை தட்டில் வந்த தாலியைத் தொட்டுக் கும்பிட்டிருக்கிறேன். அம்மாவின் கழுத்தில் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். மற்ற எல்லா நிறத்துக்கும் ஒரு சாயல் தெரிந்த கண்ணுக்கு இது ஏன் தெரியவில்லை? கைக்குத் தெரிந்திருந்து என்னிடம் சொல்லாமல் விட்டதா? கை தனியாக எதையாவது நினைக்குமா? இன்றைக்கும் இதை யோசித்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அப்போது அம்மாவின் போன் அடித்தது. அத்தைதான். இல்லை, அது கண்காட்சிச் சாமான் என்று அம்மா சொல்லப்போகிறாள் என்று நின்றேன். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஆமா. ரிஜிஸ்டர் பண்ணிட்டாங்க. சிங்கப்பூர்ல வேல. லீவு கெடைக்கல, அதான் கோயில் கல்யாணம் பெறகு வச்சுக்கலாம்னு."

அப்பா டிவியை அணைத்தார்.

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று எழுத விருப்பமில்லை. அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"பதினஞ்சு வருசமா எந்த வீட்டுக்குப் போனாலும் மொதக் கேள்வி நீதான். ஒம் மகளுக்கு என்னா கொற, ஒம் மகளுக்கு என்னா கொறன்னு. நீ ஒம்பாட்டுக்குக் கொட்டாயில இரும்பு அறுத்துக்கிட்டுக் கெடக்கே. பதில் சொல்றது நானு. ஒரு வாட்டி கேக்காம இருக்கட்டுமேன்னு சொல்லிட்டேன்."

"சரி சொல்லிட்டே. நான் இத திங்கக்கெழம கண்காட்சிக்குக் குடுக்கணும். அப்ப கழட்டித்தானே ஆகணும்?"

"கழட்டக் கூடாது."

"ஏன்?"

"ஊரு பூரா தாலின்னு பாத்துருச்சு. நானும் ஆமான்னுட்டேன். இனிமே நீ கழட்டுனா என்னா அர்த்தம்?"

"என்னா அர்த்தம்? செத்துப்போறதுக்கு யாருமே இல்லையேம்மா!"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் உசுரோட இருக்கையில ஒங் கழுத்துலேருந்து மஞ்சக் கயிறு எறங்குறத பாக்க மாட்டேன்."

இதை அவள் சொன்னபோது அவள் கை தன் தாலியைப் பிடித்துக்கொண்டிருந்தது. பொய் என்று அவளுக்குத் தெரியும். அவளே இட்டுக்கட்டிய பொய். ஆனால் பயம் நிஜமாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

கோலாலம்பூர்க்காரி, போட்டுக்கொண்ட மாதிரி ஒரு படம் கேட்டிருந்தாள். அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"அக்கா, இது தாலி!"

"இல்ல."

"தாலிய நீங்க கேள்வி கேக்குறீங்க. எஸ்டேட் பொண்ணோட ஒடம்பு, செம்பனை, கல்யாணம், எல்லாம் ஒரே கயித்துல. இதுதான் அக்கா நான் கேட்ட ஐடியா. வெறும் ஓட்டை மாட்டி வச்சா ஜோங்கர் தெருவுல டூரிஸ்ட்டுக்கு விக்கிற சாமானாப் போயிருக்கும்."

"நான் யாரையும் ஒண்ணும் கேக்கல. ஓடு நல்லாருந்துச்சு. மஞ்சள் நல்லாருந்துச்சு."

"அப்படி எழுத முடியாது. பக்கத்துல வைக்க ஒரு பத்தி வேணும். நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

அம்மா சொன்னதை அவளிடம் சொன்னேன். அவள் மெதுவாக, "இந்தக் கயிறேதான் வேணும். வேர்வை பட்டு நெறம் மாறியிருக்கு பாருங்க, அதோட வேணும். புதுசா ஒண்ணு செஞ்சு கொண்டாராதீங்க" என்றாள்.

நான் செய்து பார்த்தேன். ஆலையிலிருந்து ஓடு வாங்கி வந்து, அதே கம்பி, அதே மஞ்சள். முடிச்சும் மூன்று, இந்தத் தடவை தெரிந்தே போட்டேன். அது பொம்மைக் கடைச் சாமான் மாதிரி இருந்தது. தெரிந்து போட்ட முடிச்சு பிகு பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன்.

இதற்கு நடுவில் மாமா வீட்டுக் கல்யாணம். அம்மாவின் தம்பி நியாலாஸில் இருக்கிறார். அவர் மகளுக்குச் சனிக்கிழமை நலங்கு. பெண்ணுக்கு மஞ்சள் பூசுவதும் சந்தனம் வைப்பதும் கல்யாணமான பெண்கள். ஒவ்வொரு வீட்டு நலங்கிலும் நான் கதவோரம் நின்று போட்டோ எடுக்கிறவள். இந்த முறை அத்தை வாசலிலேயே என் கையைப் பிடித்தார். "வாடி, ஒனக்கும் எடம் வச்சிருக்கேன்." அம்மா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள்.

நான் போக மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அதைச் சொல்ல எப்பவும் தைரியம் உண்டு. பாயில் பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

"மாப்பிள்ள எப்ப வர்றாரு?"

"வருவாரு."

"சிங்கப்பூர்ல என்னா வேல?"

"இரும்பு வேல" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

"அப்ப சரிதான். இவளும் இரும்பு, அவரும் இரும்பு. சண்ட வந்தா நெருப்புதான் பறக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒருத்தி என் சேலைத் தலைப்பை இழுத்துச் சரி செய்தாள். அத்தை ஓடுகளை வெளியே எடுத்துப் பார்த்தார். "இது எந்தூரு தாலி? நான் பாத்ததே இல்லையே." மூலையில் இருந்த ஒரு பெரியம்மா அதிகாரமாகச் சொன்னார்: "அது மாப்பிள்ள வீட்டு வழக்கம். சிங்கப்பூர்ல அப்படித்தான் போடுவாங்க." எல்லாரும் தலையாட்டினார்கள். முடிந்தது. ஒரு நிமிடத்தில் என் ஓட்டுக்கு ஊர், குலம், வழக்கம் எல்லாம் வந்துவிட்டது. கோலாலம்பூர்க்காரிக்கு ஒரு பத்தி வேண்டியிருந்தது. இவர்களுக்கு ஒரு வரி போதுமாக இருந்தது.

நான் அவர்களின் கழுத்துகளைப் பார்த்தேன். தொழில் புத்தி. ஒருத்தி தங்கச் செயினில் தாலியோடு ஊக்குகளைக் கொத்தாக மாட்டியிருந்தாள். கல்யாணப் பெண்ணின் ரவிக்கை தோளில் நழுவியதும் அவள் தன் தாலியிலிருந்தே ஒரு ஊக்கைக் கழற்றிக் குத்திவிட்டாள். கீழே பார்க்கக்கூட இல்லை. ஒருத்தி பீரோச் சாவியை மாட்டியிருந்தாள். அம்மாவின் செயினில் நான் சின்ன வயதில் போட்ட வெள்ளி மோதிரம் ஒன்று கிடக்கிறது, எதற்கு என்று நான் கேட்டதே இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் இது ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பெரிய காகிதம் எழுதுவார்கள் என்று நினைத்தேன். இவர்களிடம் போய் உங்கள் எண்ணம் என்ன என்று கேட்டால் என்னைப் பைத்தியம் என்பார்கள்.

என் முறை வந்தது. மஞ்சளை எடுத்து மாமா மகளின் கன்னத்தில் பூசினேன். அவள் என் காதில், "அக்கா, இந்த ஓடு செம அழகு. எனக்கு ஒண்ணு செஞ்சு தாங்களேன், தோடு மாதிரி" என்றாள். இத்தனை நாளில் அதை நகையாகப் பார்த்தது அவள் ஒருத்திதான்.

திரும்பும்போது காடியின் பின்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். எனக்கு என்மேலேயே கடுப்பாக இருந்தது. பொய் சொன்னதற்காக இல்லை. அந்தப் பாயில் உட்கார்ந்தது நன்றாக இருந்தது. அதுதான் பிரச்சினை. இத்தனை வருடம் கதவோரம் நிற்பது எனக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன். நிஜமாகவே ஒன்றும் இல்லைதானே? பிறகு ஏன் நன்றாக இருந்தது? இதற்கு ஒரு விடை கிடைத்தால் அதையே அவளுக்குப் பத்தியாக எழுதி அனுப்பியிருப்பேன்.

திங்கட்கிழமை காலை குளித்து வெளியே வந்தேன். நகை வைக்கிற டப்பாவை மேசையில் எடுத்து வைத்தேன். அம்மா அதைப் பார்த்தாள்.

"குடுக்கத்தான் போறே."

"ஆமா. இதுக்கு நான் எத்தன வருசமாக் காத்திருக்கேன்னு ஒனக்குத் தெரியும்."

சண்டைக்குத் தயாராக நின்றேன். அம்மா உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் தாம்பாளம். அதில் புதுக் கயிறு ஒன்று, மஞ்சள் பூசி ஈரமாக இருந்தது. நடுவில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு கட்டியிருந்தாள். ஆடி மாதம் பெண்கள் தாலிக் கயிறு மாற்றும்போது புதியதைக் கட்டிக்கொண்டுதான் பழையதை எடுப்பார்கள். கழுத்து ஒரு நொடி வெறுமையாக இருக்கக் கூடாது. அம்மா அதைத்தான் கொண்டுவந்திருந்தாள்.

"மொதல்ல இது. பெறகு அத எடுத்துக்க. நீயும் ஒன் கண்ணாடிப் பொட்டிக்குக் குடுத்த மாதிரி ஆச்சு, எனக்கும் பயமில்லாமப் போச்சு."

"மாப்பிள்ளைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கங்க" என்றார் அப்பா, பேப்பரை விட்டுத் தலையைத் தூக்காமல்.

"நீங்க சும்மா இருங்க."

நான் யோசித்தேன். இவள் சொல்வது பைத்தியக்காரத்தனம். ஆனால் இவள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள், நான் கண்டுபிடிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முடியைத் தூக்கிப் பிடித்தேன். அம்மா பின்னால் நின்று கட்டினாள். ஒரு முடிச்சு போட்டு நிறுத்தினாள். அவள் மூச்சு என் பிடரியில் பட்டது. இன்னும் இரண்டு போட்டாள். பிறகு பழையதைத் தலைவழியாக எடுத்து, என் கையில் தராமல், அவளே டப்பாவில் வைத்து மூடினாள்.

மலாக்காவுக்கு மோட்டாரில் போனேன். ஈர மஞ்சள் சட்டைக் காலரில் இறங்கிக்கொண்டே வந்தது.

கண்காட்சி மாடியில் கோலாலம்பூர்க்காரி டப்பாவைத் திறந்து கயிற்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கயிறு என் கழுத்து பட்ட இடத்தில் பழுப்பாக இருந்தது. "கண்டிப்பா போகும் அக்கா. வெளிநாட்டுக்கு இதுதான் மொதல்ல போகும்" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதில் குழப்பம் இல்லை.

"பத்தி?" என்று கேட்டாள்.

"செம்பனை ஓடு, செம்பு, நூல் கயிறு, மஞ்சள். இத மட்டும் எழுது."

"ஐடியா?"

"இல்ல."

அவள் என் காலரில் மஞ்சளைப் பார்த்தாள். பிறகு கழுத்தைப் பார்த்தாள். எழுந்து கிட்டே வந்தாள்.

"இது என்னா?"

அம்மா கட்டியதைச் சொன்னேன். அவள் கண் விரிந்தது. "அக்கா, இது ரெண்டாவது. ஜோடியா வைக்கலாம். செஞ்சது ஒண்ணு, அம்மா கட்டுனது ஒண்ணு. ஐயோ, இது எல்லாத்தையும் தூக்கிச் சாப்ட்ரும். கழட்டிக் குடுங்க."

நியாயமான பேச்சு. ஓட்டை விட அது நல்ல வேலை என்றுகூட எனக்குத் தோன்றியது. கிழங்குத் துண்டைச் சாய்வாகக் கட்டியிருந்தாள் அம்மா. நான் அப்படிக் கட்டியிருக்க மாட்டேன். கையைப் பின்னால் கொண்டுபோனேன். முடிச்சு விரலில் பட்டது. மூன்றும் ஈரமாக இருந்தன. கையைக் கீழே விட்டேன்.

"முடியாது."

"ஏன் அக்கா? நீங்க இதெல்லாம் நம்ப மாட்டீங்களே."

"நம்ப மாட்டேன்."

"அப்ப நகைதானே இது?"

"அது நகை" என்று டப்பாவைக் காட்டினேன். "இது இல்ல."

"அப்ப இது என்னா?"

"தெரியல."

அவள் போனை எடுத்து எதையோ தட்டப் போனாள்.

"அதையே எழுதவா? தெரியலன்னு?"

"எழுதாத" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். கீழே இருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

கீழே இறங்கி வந்து மோட்டாரைக் கிளப்பி, ஹெல்மெட்டைப் போட்டேன். ஹெல்மெட் நாடாவில் கழுத்துக் கயிறு மாட்டிக்கொண்டது. இழுத்தால் அறுந்துவிடும் போல இருந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டு, அதன் கண்ணாடியில் பார்த்து, இரண்டு கையாலும் கயிற்றை நாடாவிலிருந்து மெதுவாக விடுவித்தேன்.